மொனராகலைக் களஞ்சியத்துக்கு எந்த ஊர் சேர்வர்?

சோளக் களஞ்சியத்தையோ தோட்டத்துத் தேயிலை ஸ்டோரையோ கிளவுடுக்கு மாற்ற நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது மாத வாடகையை. லொறி வாசலில் நிற்கும்போது ஒரு மூட்டையின் பார்கோடை ஸ்கேன் செய்தால் பதில் வர எத்தனை செக்கன் ஆகும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

அமேசன், மைக்ரோசொஃப்ட், கூகுள் மூன்றுக்கும் இலங்கையில் கிளவுட் மையம் இல்லை. பக்கத்தில் இருப்பவற்றுள் மும்பாய், சென்னை, சிங்கப்பூர் அடங்கும். சென்னையில் மைக்ரோசொஃப்ட் இருக்கிறது. சிங்கப்பூரில் மூன்றுமே உண்டு. ஃபைபரில் ஒளி 1000 கிலோமீற்றர் போக ஏறத்தாழ 5 மில்லிசெக்கன் எடுக்கும். கொழும்பிலிருந்து நேர்கோட்டில் மும்பாய் சுமார் 1500 கிலோமீற்றர், சிங்கப்பூர் சுமார் 2700. போய்வர முறையே 15, 27 மில்லிசெக்கனுக்குக் குறையாது. ஆனால் கேபிள்கள் நேர்கோட்டில் கிடப்பதில்லை. இந்தியாவுக்குப் போகும் தரவு சிங்கப்பூரைச் சுற்றிப் போவதும் உண்டு. அதனால் வரைபடத்தைப் பார்த்து மும்பாயைத் தெரிவு செய்யாதீர்கள். உங்கள் இணைப்பிலிருந்து அளந்து பாருங்கள்.

கொழும்பில் உள்ள தரவு மையத்தில் சேர்வரை வாடகைக்கு எடுத்தால் கடல் கடக்கும் தாமதம் இல்லை. காப்புப் பிரதியையும் பராமரிப்பையும் யார் பார்ப்பது என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஆனால் தூரத்தைவிடப் பெரிய விடயம் மென்பொருளின் பழக்கம். ஒரு ஸ்கேனுக்கு அது தரவுத்தளத்தை ஒன்றன்பின் ஒன்றாக 40 தடவை கேட்கிறது என்று வைப்போம். அதே கட்டடத்து சேர்வரில் தடவைக்கு 1 மில்லிசெக்கன் என்றால் யாருக்கும் தெரியாது. 60 மில்லிசெக்கன் தூரத்தில் அது 2.4 செக்கன். நூற்றுக்கணக்கான மூட்டைகள் ஏறும் நாளில் தொழிலாளி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு காத்து நிற்பார். இது நியாயமில்லை. அப்படிப்பட்ட பழைய மென்பொருளை எந்த ஊர் கிளவுடும் காப்பாற்றாது. கேள்விகளை ஒன்றாகக் கட்டி அனுப்பும்படி முதலில் திருத்த வேண்டும்.

எல்லா வேலைக்கும் வேகம் தேவையில்லை. கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில் இணையத்துக்கு மாறியது. தோட்டத்திலிருந்து போகும் இன்வொய்ஸ் விபரம் சில நிமிடம் பிந்தினாலும் அங்கே நட்டமில்லை. தராசும் ஸ்கேனரும்தான் காத்திருக்க முடியாதவை.

இணைப்பு வகையும் முக்கியம். 35,786 கிலோமீற்றர் உயரத்துச் செய்மதி வழியென்றால் போய்வரவே அரைச் செக்கன் போய்விடும்; தாழப் பறக்கும் செய்மதிகளில் அந்தச் சிக்கல் இல்லை. இணைப்பே அறுந்தால் எந்த வேகமும் உதவாது. 2025 நவம்பரில் தித்வா புயலின்போது பதுளை மாவட்டம் பட்ட பாட்டை, மொனராகலையும் சேர்ந்த ஊவா மாகாணத்தில் யாரும் மறக்கவில்லை.

எனவே ஊவாவுக்கு என் தெரிவு இதுதான்: தராசு, ஸ்கேன் வேலைகளைக் களஞ்சியத்திலேயே ஒரு சிறிய கணினி செய்யட்டும், கணக்கும் அறிக்கையும் இணைப்பு கிடைக்கும்போது கிளவுடுக்குப் போகட்டும். கையெழுத்திடுமுன், அறுவடைக் காலத்தில், லொறி ஏற்றும் இடத்திலேயே ஒரு மாதம் சோதித்துப் பார்க்கக் கேளுங்கள். ஒரு ஸ்கேனுக்கு எத்தனை தடவை சேர்வரைத் தேடிப் போகிறது என்பதற்கு விற்பவரால் பதில் சொல்ல முடியாவிட்டால், கையெழுத்திட வேண்டாம்.