பழைய ஆகரும் டிராக்டர் லோடரும்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

மரக்கன்று நடவும் வேலிக்கால் ஊன்றவும் குழி எடுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. முகப்பில் லோடர் பூட்டிய டிராக்டரை உடையவர்கள், அதன் வாளியைக் கழற்றிவிட்டு, மண்ணைத் துளைக்கும் ஹைட்ராலிக் திருகான ஆகரை அங்கே பொருத்த எண்ணுவது இயல்பே. புதிய கருவியின் விலை பலரைப் பழைய கருவியின் பக்கம் திருப்புகிறது. அத்தகைய தேடலுக்குக் கொல்கத்தா ஏற்ற நகரம். மல்லிக் பஜார் பழைய வாகன உதிரிபாகங்களுக்குப் பெயர் பெற்றது. ஹூக்ளி ஆற்றுக்கு மறுகரையில், ஹௌராவின் பெலிலியஸ் சாலையை ஒட்டிய லேத் பட்டறைகளில் எந்தப் பின்னையும், எந்தப் புஷ்ஷையும் அளவு கொடுத்துக் கடைந்து வாங்கலாம். எனவே இரும்பைப் பொருத்துவது அங்கே பெரிய சிக்கலன்று. டிராக்டரின் எண்ணெயும் ஆகரின் மோட்டாரும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பதே பணம் கொடுக்கும் முன் தீர்க்க வேண்டிய வினா.

சந்தைக்கு வரும் பழைய ஆகர்களில் பல, ஸ்கிட் ஸ்டியர் எனப்படும் சிறிய கட்டுமான லோடர்களுக்காகச் செய்யப்பட்டவை. அவ்வகை இயந்திரத்தின் பம்பு, டிராக்டரின் பம்பைவிடப் பெரிது. நிமிடத்துக்கு 60 லிட்டர் எண்ணெய் கேட்கும் ஆகரை, 30 லிட்டர் மட்டுமே தரும் டிராக்டரில் பூட்டினால் என்ன ஆகும்? வலிமை பாதியாகிவிடும் என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. எண்ணெயின் ஓட்டம் வேகத்தைத் தீர்மானிக்கிறது. எண்ணெயின் அழுத்தம் முறுக்குவிசையைத் தீர்மானிக்கிறது. இவ்விரண்டையும் பிரித்து அறிந்தவர் பாதிக் கிணற்றைத் தாண்டிவிட்டார். மீதிப் பாதியைக் கணக்குப் போட்டே தாண்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மோட்டாரின் பெயர்த்தகட்டில் ஒரு சுற்றுக்கு 125 கன செ.மீ. என்று இருக்கிறது, கீழேயுள்ள பல்சக்கரப் பெட்டி வேகத்தை ஐந்தில் ஒன்றாகக் குறைக்கிறது. டிராக்டர் நிமிடத்துக்கு 30 லிட்டர், அதாவது 30,000 கன செ.மீ. எண்ணெய் தருகிறது. 30,000-ஐ 125-ஆல் வகுக்க, மோட்டார் நிமிடத்துக்கு 240 சுற்று சுழலும். ஆகர் 48 சுற்று சுழலும். 60 லிட்டர் கிடைத்திருந்தால் 96 சுற்று. இனி முறுக்குவிசை: 150 பார் அழுத்தத்தை 125-ஆல் பெருக்கி 62.8-ஆல் வகுத்தால் மோட்டாரில் ஏறத்தாழ 298 நியூட்டன் மீட்டர். பல்சக்கரப் பெட்டி அதை ஐந்து மடங்காக்கி 1,490 ஆக்கும். உராய்விலும் கசிவிலும் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 1,200 அளவுக்கு எஞ்சும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 120 கிலோ எடையைத் தொங்கவிட்ட விசை அது. இந்தக் கணக்கில் லிட்டர் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டம் குறைந்த டிராக்டரில் ஆகர் மெதுவாகச் சுழலும். அழுத்தம் குறையாதவரை, நலிந்து சுழலாது.

இதை அறியாமல் செய்யப்படும் வேலை ஒன்று உண்டு. ஆகர் மெதுவாகச் சுழல்கிறதே என்று ரிலீஃப் வால்வின் திருகை முறுக்கி அழுத்தத்தை ஏற்றுவது. அதனால் வேகம் கூடுவதில்லை. பம்பும் ஹோஸும் மோட்டாரின் சீலும் தம் எல்லைக்கு மேல் வருந்துகின்றன. ஆகருக்காகச் சேமித்த பணம் பம்புக்குப் போகிறது. உண்மையிலேயே வேகம் வேண்டுமெனில், சுற்றுக்குக் குறைந்த எண்ணெய் கேட்கும் மோட்டாருக்கு மாறலாம். ஆனால் அதே அளவுக்கு முறுக்குவிசையை இழக்க நேரும்.

கங்கை வண்டலில் வேகத்தின் தேவையும் குறைவே. கொல்கத்தாவைச் சுற்றியுள்ள நிலம் மென்மையான களி. தமிழகத்தின் சுக்கான் கல் கலந்த செம்மண்ணைப் போல் அது எதிர்த்து நிற்பதில்லை, ஒட்டிக்கொள்கிறது. ஒரே மூச்சில் ஒரு மீட்டர் இறக்கினால், திருகு மரத்தில் இறங்கிய ஸ்குரூவைப் போலக் களியில் பிடிபட்டுவிடும். பிறகு லோடரின் தூக்குதிறன் போதாமல் போகலாம். ஓரடி இறக்கி, மேலே தூக்கி, மண்ணை உதறி, மீண்டும் இறக்குவதே அங்கே முறை. பிடிபட்டால் எதிர்த்திசையில் சுழற்றி மீட்க வேண்டும் என்பதால், இருதிசையிலும் எண்ணெய் தரும் வால்வு இன்றியமையாதது.

அந்த வால்வைப் பற்றியும் ஒரு சொல். வாளியின் சிலிண்டரை இயக்கும் வால்வு, நடுநிலைக்கு வந்ததும் இரு வழிகளையும் அடைத்துவிடும். சுழன்றுகொண்டிருக்கும் கனமான ஆகர் உடனே நிற்காது. அடைபட்ட எண்ணெயில் அழுத்தம் திடீரென ஏறும். எனவே நடுநிலையில் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பும் மோட்டார் வகை ஸ்பூல் உள்ள தனி வால்வைப் பொருத்துவது மேல். மோட்டாரில் இரண்டு ஹோஸ்களுடன் மெல்லிய மூன்றாவது குழாய்க்கான துளை இருந்தால், அதை அடைத்துவிடாதீர்கள். அது உட்கசிவு எண்ணெய் வெளியேறும் வழி; தடையின்றி நேரே தொட்டிக்குச் செல்ல வேண்டும். அடைத்தால் முதல் நாளே தண்டின் சீல் பிதுங்கிவிடும்.

பொருத்தும் இரும்பு வேலை எளிது என்றேன். ஆயினும் அளவெடுக்காமல் பட்டறைக்குச் செல்லலாகாது. ஸ்கிட் ஸ்டியரின் இணைப்புத் தகட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 24410 என்னும் உலகத் தரம் உண்டு. டிராக்டர் லோடர்களிலோ பின்னின் விட்டமும் காதுகளின் இடைவெளியும் செய்தவருக்குச் செய்தவர் வேறுபடுகின்றன. இடையில் வைக்கும் தொங்கு இணைப்பு, முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசைய வேண்டும். அப்போதுதான் சரிவான நிலத்திலும் ஆகர் தூக்குக்குண்டு போல் செங்குத்தாக நிற்கும். முன்புறம் கூடும் எடைக்கு ஈடாகப் பின்புறம் பாரம் ஏற்றுங்கள்.

ஊசித்துளை அளவு கசிவை விரலால் தடவிப் பார்ப்பது பேராபத்து. உயர் அழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறிதாகத் தோன்றினும் உடனடியாக அறுவை மருத்துவரிடம் செல்ல வேண்டியது அது. அட்டைத்துண்டைக் காட்டிக் கசிவை அறியுங்கள். சுழலும் ஆகரை நேராகப் பிடிக்க எவரும் அருகில் நிற்கலாகாது. துண்டோ வேட்டி நுனியோ சிக்கினால் எஞ்சினை அணைக்கவும் நேரமிராது. கொல்கத்தா போன்ற நகர எல்லைக்குள் நிலத்தடி மின்கேபிள் செல்லும் தடத்தை அறியாமல் ஒரு குழியும் போடாதீர்கள்.

டிராக்டர் வங்கிக் கடனில் இருந்தால், மாற்றம் செய்யும் முன் கிளைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஆகருக்கே கடன் கேட்பதாயின், பெயர்த்தகட்டின் படம், விற்பவரின் ரசீது, பட்டறையின் மதிப்பீடு, மேற்சொன்ன கணக்கு ஆகியவற்றை உடன் கொண்டு செல்லுங்கள். பெயர்த்தகடு இல்லாத மோட்டாரை, அளந்து சொல்லும் ஹைட்ராலிக் பட்டறையில் காட்டிய பின்னரே விலை பேசுங்கள். பூட்டி முதல் சில மணி நேரம் ஓட்டியதும், திரும்பும் வழியிலுள்ள எண்ணெய் வடிகட்டியை மாற்றிவிடுங்கள். பழைய மோட்டாரில் தங்கிய உலோகத் துகள் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருக்கும்.