தண்ணீரில் கல்லா லில்லி: கடன் எழுதும் முன்னே ஒரு வாளியில் பாருங்கள்



போன மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். "யக்கா, மண்ணே இல்லாம தண்ணியில இந்தப் பூவை வளர்க்கலாமாம். ஒவ்வொரு தண்டும் நல்ல விலைக்குப் போகும்னு சொல்லுதாங்க. குழுவுல கடன் எழுதலாமா?" படத்தில் இருந்தது கல்லா லில்லி. கல்யாண மேடையிலும் கோவில் பீட அலங்காரத்திலும் பார்த்திருப்பீர்கள். புனல் மாதிரி சுருண்ட வெள்ளை மடல், நடுவில் மஞ்சள் விரல். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எல்லோருக்கும் எழுதுகிறேன்.

பெயரில் லில்லி இருந்தாலும் இது நம்ம சேம்பு, சேனைக்கிழங்கு குடும்பம். சேனை நறுக்கினால் கை அரிக்குமே, அதே அரிப்பு இதன் சாற்றிலும் உண்டு. பச்சைப் பிள்ளைகள் கடித்தால் வாய் வீங்கிவிடும். அதனால் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில்தான் வைக்கணும். பிறந்த இடம் தென் ஆப்பிரிக்காவின் ஈரநிலம். நம்ம மாநிலத்தில் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஓடையோரச் சேற்றில் தானாகவே மண்டிக் கிடக்கும். ஆக, தண்ணீர் இதற்குப் புதிதல்ல.

மண்ணில்லாமல் பயிர் செய்வதும் புதிதல்ல. 1946-லேயே வங்காளத்தின் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் ஜல்லியும் உரத்தண்ணீரும் வைத்துக் காய்கறி வளர்த்துக் காட்டினார். மன்னார் வளைகுடாப் பெண்கள் மூங்கில் மிதவையில் கடற்பாசி கட்டி வளர்ப்பதற்கு மட்டும் மண்ணா இருக்கிறது?

அப்படியானால் சிக்கல் எங்கே? முதலில் தண்ணீரில், அடுத்து வெயிலில்.

நம்ம ஊர் போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணில் நட்ட செடி கொஞ்சம் உப்பைத் தாங்கிக்கொள்ளும், மழை வந்தால் உப்பு கழுவிப் போகும். வாளியில் அப்படி நடக்காது. செடி தண்ணீரைக் குடிக்கும், வெயிலும் குடிக்கும், உப்பு மட்டும் அடியில் தங்கும். நாம் மேலே மேலே தண்ணீர் ஊற்றுவோம். கடைசியில் அது வாளி இல்லை, ஒரு சின்ன உப்பளப் பாத்தி! இலை நுனி கருகினால் "உரம் பத்தலை" என்று இன்னும் உரம் போடுவார்கள். உரமும் ஒரு உப்புதான். நான் முதல் தடவை வைத்த நாலு கிழங்கில் மூன்று இப்படித்தான் போச்சு.

ஆகவே முதல் செலவு கிழங்குக்கு வேண்டாம், டிடிஎஸ் மீட்டருக்கு. சில நூறு ரூபாய்தான், ஒரு குழுவுக்கு ஒன்று போதும். உரம் கலக்காத வெறும் தண்ணீரில் 300-க்குக் கீழே காட்டினால் நல்லது. 500-க்கு மேலே போனால் அந்தத் தண்ணீரை விட்டுவிடுங்கள். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டில் அதையும் அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் விட நல்லது ஐப்பசி, கார்த்திகையில் பிடித்த மழைத் தண்ணீர்.

அடுத்தது வெயில். இந்தச் செடிக்குப் பிடித்தது 15 முதல் 25 டிகிரி. தூத்துக்குடியில் மார்கழி, தை இரவிலும் 20-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். சூடு ஏறினால் செடி பூப்பதைக் குறைத்து ஓய்வுக்குப் போய்விடும். தண்ணீர் சூடானால் அதில் காற்றும் தங்காது, வேர் மூச்சுத் திணறி அழுகும். பங்குனி, சித்திரையில் பூ வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆசைக்கு வளர்க்கிறவர்கள் ஐப்பசிக் கடைசியில் தொடங்குங்கள். கிழங்கு வாங்கும்போது வெள்ளை ரகமா என்று கேளுங்கள். ஈரம் தாங்குவது அதுதான். மஞ்சள், ரோஸ், ஊதா ரகங்களின் கிழங்கு நனைந்தே கிடந்தால் குழைந்து நாற்றமெடுக்கும்.

வெளிச்சம் உள்ளே போகாத, மூடியுள்ள 15 லிட்டர் வாளி வேண்டும். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். மூடியில் ஓட்டை போட்டு, அடியில் துளைகள் உள்ள பிளாஸ்டிக் கப்பை இறக்குங்கள். கப்பில் உடைத்த செங்கல் துண்டு போதும். தென்னை நார்க்கழிவு என்றால் அதிலும் உப்பு இருக்கும், மூன்று நாலு தடவை ஊறவைத்துப் பிழிந்த பிறகு போடுங்கள். கிழங்கு தண்ணீரில் மூழ்கவே கூடாது. முதலில் கப்பின் அடி மட்டும் நனையட்டும். வேர் இறங்கியதும் தண்ணீரைக் குறைத்து இரண்டு மூன்று விரற்கடை காற்றிடம் விடுங்கள்.

உரத்துக்கு 19:19:19 மட்டும் போதும் என்று கடையில் சொல்வார்கள். அதில் கால்சியம் கிடையாது. நுண்சத்துக்களோடு, நீர்வழிச் சாகுபடிக்கென்றே வருகிற உரத்தை வாங்குங்கள். கால்சியம் நைட்ரேட் தனிப் பையில் இருக்கும். இரண்டையும் கெட்டியாக ஒன்றாய்க் கலந்தால் திரிந்து அடியில் படியும். தனித்தனியே கரைத்து வாளியில் சேருங்கள். அமில அளவு 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருக்கணும். மீன்தொட்டிக் கடையில் அதற்கான சொட்டு மருந்து கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருதரம் முழுத் தண்ணீரையும் மாற்றி, பழையதை வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றுங்கள். காலை வெயில் மட்டும் படட்டும், மதியத்துக்கு நிழல்வலை.

இன்னொன்று. டெங்கு கொசு முட்டையிடுவது சாக்கடையில் இல்லை, இந்த மாதிரி தெளிந்த தண்ணீரில்தான். மூடி இறுக்கமாக இருக்கட்டும், கப்பைச் சுற்றி இடைவெளி இருந்தால் துணியால் அடையுங்கள். பூ வளர்க்கப் போய் தெருவுக்கே காய்ச்சல் கொடுத்த கதை வேண்டாம்.

சரி, கடன்? தவணை மாதாமாதம் வரும். இந்தப் பூ நம்ம ஊரில் வந்தாலும் வருஷத்தில் சில வாரம்தான். மலையில் செலவில்லாமல் பூக்கிறதோடு நாம் விலையில் மோத முடியாது. குளிர்சாதனம் வைத்த கூடம் கட்டினால் கரண்ட் பில் முதலில் வரும், பூ பிறகுதான். அதனால் "இந்தத் தொழிலுக்குக் கடன் வேண்டாம், குழுப் பணத்தில் ஒரு மீட்டர் வாங்குவது, விருப்பமுள்ளவர்கள் சொந்தச் செலவில் ஆளுக்கு ஒரு வாளி வைத்துப் பார்ப்பது" என்று தீர்மான நோட்டில் எழுதினோம். கேட்ட உறுப்பினருக்கு முகம் கொஞ்சம் வாடிவிட்டது. ஆனாலும் மீட்டரை முதலில் வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான். மறுநாள் வந்து, "எங்க போர் தண்ணியில 1,800 காட்டுது யக்கா" என்றார். இப்போது மழைக்கு டிரம் கழுவி வைத்திருக்கிறார்.