கண்டறிந்து கற்கும் அறிவியல்

‘ஒளி நேர்கோட்டில் செல்லும்’ என்பதை நடுநிலைப்பள்ளி மாணவர் பிழையின்றி ஒப்பிப்பர். அஃது எங்ஙனம் தெரியும் என வினவினால், பாடநூலில் உள்ளது என்பர். ஒப்பிப்பது வேறு, அறிவது வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்துவதே தொடக்கநிலை அறிவியலாசிரியரின் முதற்பணி எனலாம்.

இதற்கு வழிகாட்டுபவர், ஏறத்தாழ 965இல் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம். இருட்டறையின் துளைக்கு எதிரே விளக்குகள் பலவற்றை வைத்தார். உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒளித்திட்டு விழுந்தது. ஒரு விளக்கை மறைக்க, அதற்குரிய திட்டு மட்டும் மறைந்தது. ஒளிகள் துளையிற் கலந்துவிடாமல் தத்தம் நேர்வழியே செல்கின்றன எனத் தெளிந்தார். அவர்தம் ‘கிதாபுல் மனாழிர்’ இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாசல் நகரில் அச்சேறியது.

இவ்வுண்மையை நம் வகுப்பறையிலும் காட்டலாம். அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் ஊசித்துளையும், எதிர்ப்பக்கத்தில் எண்ணெய் தடவிய தாளும் போதும். அறையை இருட்டாக்கி, மெழுகுவத்தியை ஏற்றுமுன், தாளில் சுடர் எவ்வாறு தோன்றும் என மாணவர் எழுதட்டும், பின்னர்க் காணட்டும். சுடர் தலைகீழாய்த் தெரியும்போது ‘ஏன்?’ என்னும் வினா தானே எழும். சுடரின் நுனியிலிருந்து துளைவழியே நேர்கோடு வரையச் சொன்னால், அது தாளின் கீழ்ப்பகுதியை அடைவதை அவர்களே காண்பர். வரையறையை அதன்பின் கூறுவோம்.

பாடத்தை முடிக்க நேரமில்லை என்பர் சிலர். எல்லாப் பாடத்திற்கும் இயலாதாயினும், பருவத்திற்குச் சிலவற்றிற்கேனும் இயலும். முன்னோர் நூலையும் ஐயுற்று ஆராயச் சொன்னவர் இப்னுல் ஹைதம். உற்றுநோக்கும் மாணவரை உருவாக்குவதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றி.