தட்சிணேசுவரத்துப் படித்துறை

கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி எனப்படும் கங்கைக் கிளையாற்றின் கிழக்குக் கரையில், தட்சிணேசுவரம் காளி கோயில் ஒன்பது சிகரங்களுடன் உயர்ந்து நிற்கிறது. படகில் வந்து இறங்குவோரை, படித்துறையின் இருபுறமும் ஆறாறாக அமைந்த பன்னிரண்டு சிவன் கோயில்கள் முதலில் எதிர்கொள்கின்றன.

இக்கோயிலைக் கட்டியவர் இராணி ராஷ்மணி. கணவரை இழந்தபின் பெருஞ்செல்வத்தைத் தாமே நிருவகித்த பெண்மணி அவர். ஆங்கிலேயர் ஒருவரிடமிருந்து அவர் வாங்கிய இந்நிலத்தின் ஒரு பகுதி, முன்பு இஸ்லாமியரின் இடுகாடாக இருந்தது. 1847ஆம் ஆண்டு தொடங்கிய திருப்பணி எட்டு ஆண்டுகள் நடைபெற்றது.

பணி முடியும் வேளையில் இடர் தோன்றியது. இராணி பிறந்த குலத்தைக் காரணம் காட்டி, அவருடைய கோயிலில் பூசை செய்ய அந்தணர் முன்வரவில்லை. அங்குப் படைக்கும் உணவை உண்ணவும் மறுத்தனர். இராம்குமார் என்னும் வடமொழி ஆசிரியர் மட்டும் ஒரு வழி கூறினார். கோயிலை ஓர் அந்தணருக்குக் கொடையாக எழுதி வைத்தால் தடை நீங்கும் என்பதே அது. தாம் கட்டிய கோயிலைப் பிறருக்கு எழுதித்தரும் நிலை நேர்ந்தது, இன்று படிப்போர்க்கும் வருத்தம் தரும். இராணி உடன்பட்டார். 1855 மே 31 அன்று குடமுழுக்கு நடந்தது. இராம்குமாரே பூசகரானார்.

அவருடன் தம்பி கதாதரரும் வந்தார். தொடக்கத்தில் அவருக்கும் தயக்கம் இருந்தது. கோயில் உணவை ஏற்காமல் கங்கைக்கரையில் தாமே சமைத்து உண்டார். அவரே பின்னாளில் இராமகிருஷ்ண பரமஹம்சர் எனப் புகழ்பெற்றார்.

கங்காசாகருக்கும் பூரிக்கும் செல்லும் துறவியர் வழியில் இங்குத் தங்கினர். பக்கீர்களுக்கும் இடம் கிடைத்தது. உணவுப்பொருள்களைக் கோயிலே வழங்கியது. மூன்று நாள் தங்க எண்ணி வந்த தோதாபுரி என்னும் துறவி, பதினொரு மாதம் தங்கிவிட்டார்! இங்கு வந்திருந்த கோவிந்தராயர் என்பவரிடம் இராமகிருஷ்ணர் 1866இல் இஸ்லாமிய வழிபாட்டைக் கற்றார்.

பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் உருவ வழிபாட்டை ஏற்காதவர். ஆயினும் அவரும் காளி கோயிலில் வாழ்ந்த இராமகிருஷ்ணரும் நெருங்கிய நண்பராயினர். கேசவர் தம் அன்பர்களுடன் நீராவிப் படகில் வருவார். இராமகிருஷ்ணர் அதில் ஏறிக்கொள்வார். பேச்சும் பாட்டுமாகப் படகு ஆற்றில் செல்லும்.

அருஞ்சொற்பொருள்: இடர் – துன்பம், குடமுழுக்கு – கும்பாபிஷேகம், பக்கீர் – இஸ்லாமியத் துறவி.

சிந்தித்து எழுதுக: கோயிலைக் கொடையாக எழுதித்தர இராணி ஏன் உடன்பட்டிருப்பார்?

கேட்டு எழுதுக: இந்நகருக்கு முதன்முதலில் வந்தபோது தங்களை வரவேற்று உதவியவர் யார்? பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.