கிரகித்தல் பயிற்சி: எடையைக் குறைத்த பொறியியலாளர்

மாணவர்களே, கிரகித்தல் வினாவில் பலர் புள்ளி இழப்பது விடை தெரியாமையால் அன்று. பகுதியை ஒரு தடவை மட்டும் வாசிப்பதனாலேயே. கீழுள்ள பகுதியை இரு தடவை வாசித்த பின்னர் விடை எழுதுங்கள்.

இரண்டாம் உலகப் போரின் பின் பிரித்தானியாவில் பயன்படாதிருந்த சில விமானத்தளங்கள் கார்ப் பந்தயத் திடல்களாயின. 1948 இல் சில்வஸ்ரனில் பந்தயங்கள் தொடங்கின. அதே ஆண்டில் கொலின் சப்மன் என்ற இளைஞர் பழைய ஒஸ்ரின் செவன் கார் ஒன்றை மாற்றியமைத்துத் தமது முதலாவது போட்டிக் காரை உருவாக்கினார். இலண்டனில் பொறியியல் கற்ற அவர், 1952 இல் லோட்டஸ் நிறுவனத்தை நிறுவினார்.

வலுக்கூடிய எஞ்சின் நேர்ப்பாதையில் வேகத்தைத் தரும். எடை குறைந்த காரோ வேகமெடுக்கும்போதும் பிறேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் முந்தும். இதுவே அவரது கொள்கை. 1962 இல் வந்த லோட்டஸ் 25 இல் குழாய்ச் சட்டகத்துக்குப் பதிலாக, உலோகத் தகட்டாலான பெட்டி போன்ற உடலை அமைத்தார். அது எடை குறைந்ததாயினும் உறுதி மிக்கது. அடுத்த ஆண்டில் ஜிம் கிளாக் 10 பந்தயங்களில் 7 இல் வென்று உலகச் சம்பியனானார். 1967 இல் லோட்டஸ் 49 இல் எஞ்சினே சட்டகத்தின் ஒரு பகுதியாகியது.

ஆயினும் மெல்லிய பாகங்கள் முறியும் அபாயம் கூடியவை. 1970 செப்டெம்பர் 5 ஆந் திகதி இத்தாலியின் மொன்சாவில், பயிற்சி ஓட்டத்தின்போது லோட்டஸ் 72 ஐ ஓட்டிய ஜொகன் ரின்ட் விபத்தில் இறந்தார். முன்பக்க பிறேக் தண்டு முறிந்தமையே விபத்துக்குக் காரணம் எனக் கூறப்பட்டது. அவரது புள்ளிகளை எவரும் முந்தாமையால், இறந்த பின் அவர் சம்பியனானார். சப்மன் 1982 இல் தமது 54 ஆவது வயதில் காலமானார்.

வினாக்கள்
1. சப்மனின் முதலாவது போட்டிக் கார் எதிலிருந்து உருவானது? (1 புள்ளி)
2. எடை குறைவதால் ஏற்படும் நன்மைகள் மூன்று தருக. (3 புள்ளிகள்)
3. லோட்டஸ் 25 இன் புதுமை யாது? (2 புள்ளிகள்)
4. “வெற்றி மட்டுமே ஒரு பொறியியலாளரின் அளவுகோல் அன்று.” பகுதியின் துணையுடன் விளக்குக. (4 புள்ளிகள்)

வழிகாட்டல்: 4 ஆம் வினாவுக்கு சப்மனைப் புகழ்ந்தோ பழித்தோ மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடையாது. முதலில் 1963 வெற்றியைக் காட்டுங்கள். அடுத்து மொன்சா விபத்தைக் காட்டுங்கள். பின்னர், எடையைக் கணக்கிடுபவர் ஓட்டுநரின் உயிரையும் கணக்கிற் கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு வாருங்கள்.