பாட்டுப் பெட்டியும் சிகரட் புகையும்

போன மாதம் மேல் லயத்தில் ஒரு வீட்டில், "ஐயா, பாட்டு நடுவிலேயே திக்குது, சிடி மட்டம் போல" என்றார்கள். அதே சிடியைப் பக்கத்து வீட்டுப் பெட்டியில் போட்டோம். நன்றாகவே பாடியது. வீட்டுக்காரர் தினமும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சிகரட் குடிப்பாராம்.

சிகரட் புகையில் தார் என்ற பிசுபிசுப்பான பொருள் இருக்கிறது. அது படிகிற இடத்தில் தூசியும் ஒட்டிக்கொள்ளும். சிடியைப் படிக்கிற சின்னக் கண்ணாடியில் படிந்தால் லேசர் ஒளி மங்கி, பாட்டு திக்கும். பழைய கேசட் பெட்டி வைத்திருப்போருக்கு ஹெட்டில் ஒட்டி, போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல சத்தம் அடைத்துப்போகும். அடுப்புப் புகையும் இப்படித்தான், அதை இன்னொரு இதழில் எழுதுகிறேன்.

ஹெட்டை நீங்களே துடைக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஊசி போடும்முன் தடவுகிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். காய்ந்த பிறகே போடுங்கள். சிடி கண்ணாடியில் மட்டும் கை வைக்க வேண்டாம், ரேடியோ திருத்துபவரிடம் கொடுங்கள்.

அந்த வீட்டுப் பெட்டியின் மேல்மூடியை ஈரத்துணியால் துடைத்துக் காட்டினேன். துணி தேயிலைச் சாயம் மாதிரி மஞ்சளாகிவிட்டது. அதே காம்பராவில்தான் கைப்பிள்ளை தொட்டிலில் தூங்குகிறது, அதே புகையைத்தான் இழுக்கிறது. தாய் துணியையும் பார்த்தார், தொட்டிலையும் பார்த்தார். வீட்டுக்காரர் இப்போது இஸ்தோப்பையும் தாண்டி வெளியே போய்த்தான் பற்றவைக்கிறார்.