மூன்று தரம் சொன்ன பிறகு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், ஓரிக்கை பேருந்துப் பணிமனையைத் தாண்டும்போதெல்லாம் நண்பர் ஒருவர் வண்டியை மெதுவாக்குவார். "கழிச்சுப் போட்ட வைஸ், டிரில்லிங் மெஷின் எல்லாம் ஏலத்துக்கு வருமாமே சார்? ஒண்ணு எடுத்துப் போட்டா கட்டில், அலமாரி எல்லாம் வீட்லயே செஞ்சுக்கலாம்." ஓய்வு பெற்ற பின் மரவேலை பழக நினைக்கும் பலருக்கும் இந்த ஆசை உண்டு. ஆசையில் தப்பில்லை. கூடவே ஒட்டிக்கொண்டு வரும் நம்பிக்கைகள்தான் கையைக் கடிக்கின்றன.

நம்பிக்கை: அரசு ஏலத்தில் எல்லாம் அடிமாட்டு விலை.

மலிவுதான். ஆனால் அங்கே விற்பது கருவியை அல்ல, குவியலை. அரசு நிறுவனங்களின் கழிவுப் பொருள்கள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்தில் போகின்றன. 1964-ல் பழைய இரும்பு வியாபாரத்துக்காகவே தொடங்கிய நிறுவனம் அது. ரயில்வேக்குத் தனித் தளம் இருக்கிறது. இரண்டிலும் "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கூவ ஆள் கிடையாது. திரையில் கடிகாரம் ஓடும், அவ்வளவுதான். பொருளை 'லாட்' கட்டி, 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' விற்பார்கள். வாங்கிய பிறகு உடைசல் என்று திருப்பித் தர முடியாது. பார்வையிட ஒதுக்கிய நாளில் போய்ப் பார்க்காதவர் பேச ஒன்றுமில்லை.

ஒரு கணக்குக்கு, அரை டன் லாட்டை கிலோ 40 ரூபாய்க்குக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். 20,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,600. பிறகு ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, எடைமேடை. கெடுவுக்குள் எடுக்காவிட்டால் அபராதம் வேறு. இவ்வளவும் கொடுத்து வீடு வந்து கொட்டிப் பார்த்தால் ஒரு வைஸ், நாலு அரம், மீதி இரும்புத் துண்டு.

அந்த வைஸும் ஃபிட்டருடையது. அதன் தாடையில் இரும்பைக் கவ்வ வெட்டிய பல் இருக்கும். தேக்குச் சட்டத்தை வைத்து இறுக்கினால் கட்டம் கட்டமாகத் தழும்பு விழும். இரண்டு பக்கமும் மரத்துண்டு ஒட்டிக்கொண்டால் சமாளிக்கலாம். பேருந்துப் பணிமனை என்பது இரும்பு வேலை நடக்கும் இடம் என்பதை ஏலம் எடுக்கப் போகிறவர் மறந்துவிடுகிறார். மரவேலைக் கருவி வேண்டுமென்றால் வார்ப்பட ஆலைகளின் பேட்டர்ன் பிரிவு, ஐ.டி.ஐ. தச்சுப் பிரிவு, படகு கட்டும் இடம் இப்படித் தேட வேண்டும். ரயில் பெட்டி வேலையில்கூடத் தச்சர்களின் காலம் ஒன்று இருந்தது. 1955-ல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். முழு இரும்புப் பெட்டி செய்யத் தொடங்கிய பின் அது மெல்ல ஓய்ந்தது.

நம்பிக்கை: துரு பிடித்தால் காயலான் கடைக்குத்தான்.

மேல்துரு ஒன்றுமே இல்லை. ஓர் இரவு புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். உடனே துடைத்து எண்ணெய் தடவ வேண்டும், இல்லையென்றால் மறுநாளே செம்மண் பூசியதுபோல் திரும்பி வந்துவிடும். பார்க்க வேண்டியது குழித் துருவை. உளியையோ இழைப்புளித் தகட்டையோ திருப்பி, தட்டையான முதுகுப் பக்கத்தில் முனையை ஒட்டி நகத்தால் வருடுங்கள். நகம் குழியில் விழுந்தால் எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் முனை பொக்கையாகத்தான் வரும்.

நம்பிக்கை: 'காஸ்ட் ஸ்டீல்' என்று முத்திரை இருந்தால் வார்ப்பிரும்பு, தட்டினால் உடையும்.

இந்த ஒரு தப்பெண்ணத்தால் எத்தனை நல்ல உளிகள் எடைக்குப் போயினவோ. அது மூசையில் உருக்கி ஊற்றிய எஃகு. 1740-களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் செய்து காட்டிய முறை. மூசையில் உருக்குவது நமக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அகழாய்வில் மூசைகளே கிடைத்திருக்கின்றன. இங்கிருந்து போன 'ஊட்ஸ்' எஃகை மைக்கேல் ஃபாரடே 1819-ல் ஆராய்ந்து எழுதினார். கன்னட 'உக்கு', தமிழ் 'உருக்கு' என்பதன் திரிபுதான் அந்தப் பெயர் என்பார்கள்.

அதற்காக முத்திரையைப் பார்த்ததும் பாய வேண்டாம். பழைய தகடுகள் பலவற்றில் எஃகு மெல்லிய ஏடுதான்; மீதி பச்சை இரும்பு. சாய்வுப் பக்கத்தைத் தீட்டினால் இரண்டும் சேருமிடம் கோடாகத் தெரியும். முந்தின சொந்தக்காரர் எஃகுப் பகுதியை ஆயுசு முழுக்கத் தீட்டித் தீர்த்திருந்தால், உங்கள் கைக்கு வருவது காகிதம் பறக்காமல் வைக்கத்தான் ஆகும். சாணைச் சக்கரத்திலும் நிதானம் வேண்டும். நான் முதலில் வாங்கிய உளியைத் தண்ணீர் தொடாமல் அழுத்திப் பிடித்தேன். முனை மயில்கழுத்து நீலமானது. 300 டிகிரி சூடு ஏறி எஃகின் கடினம் போய்விட்டதற்கு அதுதான் அடையாளம். அந்த அழகை ரசித்துக்கொண்டு நின்றேன் என்பது தனி வெட்கம்.

நம்பிக்கை: பெரிய மெஷின் எடுத்தால் எல்லா வேலையும் முடியும்.

தொழிற்சாலை மோட்டார் 415 வோல்ட் த்ரீ ஃபேஸ். உங்கள் வீட்டில் சிங்கிள் ஃபேஸ் என்றால் மோட்டாரை மாற்றுவதா, வேறு இணைப்பு வாங்குவதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். உருட்டு மரம் அறுக்கும் பேண்ட்சா என்றால் வனத்துறை உரிமம் வரை போகும்.

ஏலத்தில் இன்னொரு வலை உண்டு. 1971-ல் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்கள் மூவர் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள்: எண்ணெய் வயல் ஏலத்தில் ஜெயிப்பவர், பெரும்பாலும் மதிப்பை மிக அதிகமாகப் போட்டுவிட்டவர்தான். பழைய இரும்பு ஏலத்தில் எதிரே நிற்பவர் முப்பது வருடமாகக் கண்ணாலேயே எடை போடுகிறவர். அவர் விட்டுக்கொடுத்த லாட் உங்களுக்கு விழுந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

அவரையே வாங்கவிட்டு, அவரிடமிருந்து ஒரே ஒரு இழைப்புளியைப் பொறுக்குவதுதான் என் வழி. லாட்டைப் பிரித்துப் போடும் இடம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். போன முறை கிடைத்த இழைப்புளியை எங்கள் தெரு தச்சுக்காரப் பெரியவரிடம் காட்டினேன். முதலில் தகட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மூலைமட்டத்தை நிறுத்திப் பார்த்தார், வாய்ப் பக்கம் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவினார், உடம்பைச் சுண்டிக் காதில் வைத்தார்.

"உடம்பு நல்லாருக்கு தம்பி, பல்லுதான் போச்சு. புதுத் தகடு ஒண்ணு வாங்கிப் போட்டுக்க. எவ்ளோ குடுத்த?"

சொன்னேன். "அம்பது ரூபா ஜாஸ்தி" என்றார்.